மூல அறுவைச் சிகிச்சை: ஒரு கோட்டுக்கு மேலும் கீழும்

கடலூரில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன். ஒரு மனை கைமாறும்போது அதன் நான்கெல்லையைத் தவறில்லாமல் எழுதுவதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். அதில் ஒரு திசையைக் கோட்டை விட்டால் பேரப்பிள்ளைகள் காலத்தில் வழக்கு வரும். அப்படிப்பட்ட நான், 2021-இல் என் உடம்பில் செய்யவிருந்த சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தை ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டே ஆண்டில் மறுபடியும் அறுவை அரங்கில் படுக்க நேர்ந்தது. ரப்பர் வளையம், லேசர், கத்தி என்று மூன்று முறைகளை நானே பட்டறிந்துவிட்டேன். நான்காவதான ஸ்டேப்ளர் முறை என் மனைவியின் அண்ணனுக்குச் செய்யப்பட்டது. மூலம் என்ற சொல்லை வீட்டுக்குள்ளேயே தாழ்ந்த குரலில் சொல்லிப் பழகியவர்கள் நாம் என்பதால், இதையெல்லாம் எழுதலாமா என்று வெகுநாள் தயங்கினேன். ஆனால் என் மேசைக்கு எதிரே உட்காருபவர்களில் மாதத்துக்கு ஒருவராவது, பத்திர வேலை முடிந்த பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு எதுல சார் சரியாச்சு?" என்று கேட்கிறார்.

நாள் முழுதும் உட்கார்ந்த இடம், வேளை கெட்ட சாப்பாடு, கூட்டம் அதிகமான முகூர்த்த நாளில் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாத நெருக்கடி, மலச்சிக்கல், கழிப்பறையில் முக்கி முக்கி உட்காருவது ஆகியவை சேர்ந்துதான் எனக்கு இது வந்திருக்க வேண்டும். 2016-இல் முதல் முறையாக ரத்தம் பார்த்தேன். உடம்புச் சூடு என்றார் அம்மா. துத்தி இலையைச் சிறு வெங்காயத்தோடு வதக்கிக் கொடுத்தார்; வாரம் இருமுறை கருணைக்கிழங்கு மசியல் வந்தது. இவற்றால் மலம் இளகியிருக்கலாம், அதனால் கொஞ்சம் சுகமும் கிடைத்திருக்கலாம். ஆனால் ரத்தம் வந்தால் மூலம்தான் என்று வீட்டிலேயே முடிவு கட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பது எங்கள் தெருவில் நடந்த ஒன்றால்தான் எனக்கு உறைத்தது. பேருந்து நிலையச் சுவர்களில் 'ஆபரேஷன் இல்லாமல் மூலம், பவுத்திரம்' என்று ஒட்டியிருக்குமே, அப்படியொரு இடத்தில் ஒன்றரை ஆண்டு மருந்து வாங்கிச் சாப்பிட்டவருக்குக் கடைசியில் மலக்குடல் புற்றுநோய் என்று தெரியவந்தது. அந்த ஒன்றரை ஆண்டில் யாருமே விரல் விட்டுப் பரிசோதிக்கவில்லை. ஆகையால் எந்த முறை சிறந்தது என்ற கேள்விக்கு முன்னால், ரத்தம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இருக்கிறது. என்னைப் போல் வயது ஐம்பதை நெருங்குபவர்களும், எடை குறைதல், மலம் கழிக்கும் வழக்கத்தில் மாற்றம், ரத்தசோகை போன்றவை உள்ளவர்களும் பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் பார்த்துவிட்டு மூலத்துக்கு வருவதே முறை.

2017-இல் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் போனேன். முக்கும்போது வெளியே வந்து, தானாகவே உள்ளே போய்விடும் நிலை. இதை இரண்டாம் நிலை என்பார்கள். ரத்தம் மட்டும் வந்து எதுவும் வெளியே வராதது முதல் நிலை, விரலால் உள்ளே தள்ள வேண்டியது மூன்றாவது, தள்ளினாலும் போகாதது நான்காவது. மயக்க ஊசி எதுவும் போடாமலே ஒரு சிறு குழாயை வைத்து, உள்ளே இரண்டு இடங்களில் ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டார். வளையம் இறுக்கிய சதை ரத்த ஓட்டம் இல்லாமல் காய்ந்து ஒரு வாரம் பத்து நாளில் உதிர்ந்துவிடும் என்றார். அப்போது கொஞ்சம் ரத்தம் வரலாம் என்றும் சொல்லியனுப்பினார். அன்று மாலையே கடைக்குப் போய் உட்கார்ந்தேன். மலம் வருவதுபோன்ற ஓர் உணர்வு இரண்டு நாள் இருந்ததே தவிர, வலி என்று சொல்ல எதுவும் இல்லை. மருத்துவரின் கைராசி என்று வீட்டில் சொன்னேன். வலிக்காததற்குக் காரணம் வேறு என்பது ஆறு ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. வளையம் போட்டுக்கொண்டவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு: போட்ட பிறகு காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவை சேர்ந்து வந்தால் அது தொற்றின் அறிகுறியாக இருக்கலாம், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாண்டுகள் நன்றாகப் போயின. பிறகு பழைய பழக்கங்களும் அதனோடு மூலமும் திரும்பின. இந்த முறை கையால் தள்ள வேண்டியிருந்தது. வெளியே தோலோடு சேர்ந்த இரண்டு மடிப்புகளும் தொங்கின. வெட்டு இல்லை, வலி இல்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். அந்த மருத்துவர் என்னோடு பேசியது இரண்டு நிமிடம் இருக்கும். கட்டணத்தையும் தேதியையும் நிர்ணயித்தவர் வெள்ளை அங்கி அணியாத வேறொருவர். அறுபத்தெட்டாயிரம் ரூபாய். படிவத்தில் 'லேசர் சிகிச்சை' என்ற இரண்டு சொற்களே இருந்தன. லேசரால் எதைச் செய்வார்கள், வெளியே தொங்கும் மடிப்புகள் என்ன ஆகும், திரும்ப வந்தால் அடுத்து என்ன என்று நான் கேட்கவில்லை. 'சொத்து விவரம்' காலியாக இருக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று பிறருக்குப் படித்துப் படித்துச் சொல்பவன் நான்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். வலி உண்மையிலேயே குறைவாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் வேலைக்குப் போனேன். ஆனால் வெளி மடிப்புகள் போட்டது போட்டபடி இருந்தன; வீக்கம் வடிந்தால் சுருங்கிவிடும் என்றார்கள், சுருங்கவில்லை. பதினான்காம் மாதம் ரத்தம் திரும்பியது. அங்கேயே மறுபடி போய்க் கேட்டபோது, இன்னொரு முறை லேசர் செய்யலாம், கட்டணத்தில் சலுகை தருகிறோம் என்றார்கள்.

2023-இல் புதுச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். என் தம்பி மகள் அந்த ஊரில் செவிலியர் படிப்புப் படித்துக்கொண்டிருந்ததால், "நீங்க வாங்க பெரியப்பா, நான் கூடவே இருக்கேன்" என்று அவள்தான் வற்புறுத்தி வரவழைத்தாள். காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்று, பதினொரு மணிக்கு உள்ளே போனேன். அங்கிருந்த மருத்துவர் பரிசோதித்து முடித்ததும், என் புறநோயாளிச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு படம் போட்டார். குழாய் போல இரண்டு கோடுகள், நடுவில் குறுக்காகப் பல் பல்லாக ஒரு கோடு. "இதை டென்டேட் கோடு என்போம். ஆசனவாய் விளிம்பிலிருந்து ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது. இதற்கு மேலே கிள்ளினாலும் உங்களுக்குத் தெரியாது. இதற்குக் கீழே இருப்பது கையில் இருக்கும் தோலைப் போல, சிறு கீறலும் தெரியும்" என்றார். இது என் தொழிலுக்குப் பழகிய மொழி. எல்லைக்கோடு ஒன்றைக் காட்டிவிட்டால் மற்றதெல்லாம் எனக்குத் தானாக விளங்கிவிடும்.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பார்த்தால், முறைகளுக்கிடையே உள்ள வேறுபாடு முழுவதும் அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் வேலை நடக்கிறது என்பதில்தான் இருக்கிறது. மூலம் என்பது புதிதாக முளைக்கும் கட்டி அன்று. எல்லோருக்கும் ஆசனவாயின் உள்ளே மெத்தை போன்ற ரத்தக்குழாய்த் திட்டுகள் உண்டு. மல்லாந்து படுத்த நிலையில் கடிகார முகப்பாகக் கொண்டால் 3, 7, 11 மணி இருக்கும் இடங்களில் அவை அமைந்துள்ளன. வாய் கசியாமல் மூடியிருப்பதற்கு அவையும் துணை செய்கின்றன. அவை வீங்கித் தாங்குதசை தளர்ந்து கீழே சரிவதுதான் நோய். ரப்பர் வளையம் கோட்டுக்கு மேலே போடப்படுகிறது. அதனால்தான் 2017-இல் எனக்கு வலிக்கவில்லை, கைராசி அல்ல. ஸ்டேப்ளர் முறையும் கோட்டுக்கு மேலேதான்: வட்டமான ஒரு கருவியை உள்ளே செலுத்தி, சரிந்த சவ்வில் ஒரு வளைய அளவைத் துண்டித்து, அதே நொடியில் சிறு உலோகக் கொக்கிகளால் தைத்து, தொங்குவதை மேலே இழுத்து நிறுத்துகிறார்கள். இத்தாலியின் அன்டோனியோ லாங்கோ என்பவர் 1990-களில் இதைப் பரப்பினார். ஒலியலையால் ரத்த ஓட்டத்தை அறியும் டாப்ளர் கருவியால் ரத்தக்குழாய் துடிக்கும் இடத்தைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடும் முறையும் உண்டு. 1995-இல் ஜப்பானில் விவரிக்கப்பட்ட அதுவும் கோட்டுக்கு மேலேயே நடப்பது. எனக்குச் செய்த லேசரில், மெல்லிய இழை ஒன்றை மூலத் திட்டுக்குள் செலுத்தி உள்ளிருந்தே சூடாக்கிச் சுருங்க வைத்திருக்கிறார்கள். வெளித்தோலை அது தொடவே இல்லை. (லேசரைக் கத்திபோல வைத்து வெட்டி எடுப்பதையும் சிலர் 'லேசர்' என்றே விளம்பரம் செய்கிறார்கள் என்பதால், சுருக்குவதா வெட்டுவதா என்று கேட்பது அவசியம்.) ஆக, என் தொல்லையில் பாதி கோட்டுக்குக் கீழே இருக்க, சிகிச்சை முழுவதும் மேலேயே நடந்திருக்கிறது.

கோட்டுக்கு மேலும் கீழும் சேர்த்து அகற்றுவது பழைய கத்தி முறைதான். லண்டனில் மில்லிகன், மார்கன் என்ற அறுவைச் சிகிச்சையாளர்கள் 1937-இல் விவரித்தது. திட்டை வெட்டியெடுத்து, அடிப்பகுதியில் கட்டுப் போட்டு, புண்ணைத் தைக்காமல் திறந்தே விட்டுவிடுவார்கள். அமெரிக்காவின் பெர்குசன் 1959-இல் விவரித்த முறையில் புண்ணைத் தைத்து மூடிவிடுவார்கள். எனக்குத் திறந்த முறையைத் தேர்ந்தெடுத்தார் மருத்துவர். மூன்று புண்களுக்கும் இடையே நல்ல தோல் பாலம்போல விடப்பட வேண்டும், இல்லையென்றால் ஆறும்போது ஆசனவாய் சுருங்கிவிடும் என்றார். வலிக்குமா என்று கேட்டேன். "வலிக்கும். இரண்டு வாரம் நன்றாகவே வலிக்கும்" என்றார். விளம்பரம் இல்லாத அந்தப் பதிலைக் கேட்டதும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

தம்பி மகள் அன்றிரவு கைப்பேசியில் ஓர் ஆய்வைத் தேடிப் படித்துச் சொன்னாள். பிரிட்டனில் 777 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஸ்டேப்ளரும் இன்னொரு பிரிவுக்கு வழக்கமான வெட்டியெடுக்கும் முறையும் செய்து, 24 மாதங்கள் கவனித்திருக்கிறார்கள். முடிவுகள் 2016-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தன. முதல் சில வாரங்களில் ஸ்டேப்ளர் பிரிவினருக்கு வலி குறைவு. ஆனால் இரண்டாண்டு முடிவில் தொல்லை திரும்பியதாகச் சொன்னவர்கள் அந்தப் பிரிவில் 42 விழுக்காடு, வெட்டியெடுத்த பிரிவில் 25 விழுக்காடு. செலவும் வெட்டியெடுத்ததிலேயே குறைவு. வெட்டியெடுத்தாலும் நால்வரில் ஒருவர் தொல்லை திரும்பியதாகச் சொல்லியிருக்கிறார் என்பதையும் அவள் மறைக்கவில்லை.

என் மச்சான் சென்னையில் ஸ்டேப்ளர் போட்டுக்கொண்டவர். எட்டாம் நாள் வேலைக்குப் போனவர், இன்றுவரை அந்த எட்டு நாளைப் பெருமையாகச் சொல்வார். ஆனால் முதல் மூன்று மாதம் மலம் வந்தால் நொடியில் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருந்ததையும், வெளியே ஒரு தோல் மடிப்பு அப்படியே நிற்பதையும் அவர் எனக்குச் சொன்னது நான் கத்தி முறைக்குத் தேதி வாங்கிய பிறகுதான். "கேட்டாத்தானே மாப்பிள்ளை சொல்ல முடியும்" என்றார். திடீர் அவசரம் ஸ்டேப்ளருக்குப் பிறகு சிலருக்கு வருவதே; பெரும்பாலும் மாதங்களில் குறைந்துவிடுகிறது. அபூர்வமாக இடுப்புக்குழியில் கடுமையான தொற்றும் ஏற்பட்டதுண்டு என்பதால், கைதேர்ந்தவரிடம் மட்டுமே அதைச் செய்துகொள்ள வேண்டும். அவர் தொழிலுக்கு அந்த எட்டு நாள் பெரிது. ஒருவருக்கு ஏற்றதை இன்னொருவருக்குப் பரிந்துரைக்க முடியாததன் காரணமும் இதுதான்.

அறுவைக்கு முன்பு பெருங்குடல் பரிசோதனை நடந்தது. மருந்து கலந்த தண்ணீரைக் குடித்துக் கழிப்பறைக்கும் படுக்கைக்கும் நடந்த அந்த இரவைவிடப் பரிசோதனை எளிதாகவே இருந்தது. அறுவையன்று முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. நான் எதிர்பாராத தொல்லை ஆசனவாயில் அல்ல, சிறுநீரில் வந்தது. இரவு பத்து மணிவரை ஒரு சொட்டும் வரவில்லை, அடிவயிறு கல்லாகிவிட்டது. கடைசியில் குழாய் விட்டு எடுத்தார்கள். மூல அறுவைக்குப் பிறகு, குறிப்பாக ஆண்களுக்கு, இது அடிக்கடி நடப்பதாம். முன்பே யாராவது சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் முதல் மலம். உடைந்த கண்ணாடி என்று இதைப் பலர் வர்ணிப்பார்கள். எனக்குக் காய்ந்த மிளகாயை அரைத்துப் பூசியதுபோல் இருந்தது. அதைத் தள்ளிப்போடுவதற்காகச் சாப்பாட்டைக் குறைத்தது நான் செய்த பெரிய தவறு. மலம் கெட்டியாகிப் புண்ணை உரசியது. மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் மருந்தையும் இசப்கோலையும் முதல் நாளிலிருந்தே சரியாகக் குடித்து, கீரை, வாழைப்பழம், கம்பங்கூழ் என்று சாப்பிட்டிருந்தால் நான்காம் ஐந்தாம் நாட்கள் இவ்வளவு கடினமாக இருந்திருக்காது. மீன் குழம்பு கூடாது, சூடு என்று வீட்டில் ஒரே பிடிவாதம். மருத்துவரோ மீனுக்குத் தடையில்லை, காரத்தை மட்டும் குறையுங்கள், போகும் வழியில் எரியும் என்று சொல்லிவிட்டார். மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வலியையும் குறைக்கும் என்பதால் அதை நடுவில் நிறுத்தவில்லை. வலி தாங்காமல் டிரமடால் கேட்டபோது, அது மலச்சிக்கலை உண்டாக்கும், அவசியமென்றால் மட்டும் என்று மருத்துவர் அளந்தே கொடுத்தார்.

எல்லா மருந்தையும்விட எனக்கு உதவியது வெந்நீர்தான். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, நாளுக்கு மூன்று முறையும் ஒவ்வொரு முறை மலம் கழித்த பிறகும் பத்து பதினைந்து நிமிடம் உட்கார்ந்தேன். இறுகிப்போன தசை தளர்வதை உணர முடிந்தது. டெட்டாலோ உப்போ போட வேண்டியதில்லை. டெட்டால் புண்ணை எரிக்கத்தான் செய்யும்.

நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். புதுச்சேரியிலிருந்து கடலூர் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். ஆனால் முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோவில் என்று வழியில் எத்தனை வேகத்தடை என்பதை அன்றுதான் எண்ணினேன். பேருந்தில் போகலாம் என்று சிக்கனம் பார்க்க வேண்டாம். காரின் பின்னிருக்கையில் ஒருக்களித்துப் படுத்துப் போவதே நல்லது.

எட்டாம் நாள் கழிப்பறையில் திடீரென ரத்தம் கொட்டியது. ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள், உள்ளே போட்ட கட்டு உதிரும்போது இப்படி வரலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நிற்காவிட்டாலோ, கட்டி கட்டியாக வந்தாலோ, தலை சுற்றினாலோ எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும் என்றும் இருந்தது. எனக்கு அரை மணியில் நின்றுவிட்டது. ஆனாலும் அந்த இரண்டாம் வாரத்தில் தனியாக இருக்கவோ வெளியூர் போகவோ கூடாது என்பதை யாருக்கும் அழுத்திச் சொல்வேன். மூன்றாம் வாரம் அரை நாள் கடைக்குப் போனேன். ஆறாம் வாரம் புண் முழுதும் ஆறியது. காற்றை அடக்கும் கட்டுப்பாடு ஒரு மாதம் வரை சரியாக இல்லை. கூட்டத்தில் பத்திரம் வாசித்துக் காட்டும் தொழிலில் இது எவ்வளவு சங்கடம் என்று விளக்க வேண்டியதில்லை.

இரண்டாண்டு கடந்துவிட்டது, ரத்தமும் இல்லை, தொங்கலும் இல்லை. அதற்காக எல்லோரும் கத்திக்கே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2017-இல் எனக்கு இருந்த நிலைக்கு ரப்பர் வளையம் சரியான சிகிச்சைதான். அதற்குப் பிறகு நான் கழிப்பறையில் கைப்பேசியோடு இருபது நிமிடம் உட்கார்ந்ததற்கு வளையம் பொறுப்பாகாது. மூன்றாம் நிலையோடு வெளி மடிப்பும் இருந்தவனுக்கு லேசர் மட்டும் போதாது என்பதே என் குறை. அதை அந்த மருத்துவமனை சொல்லியிருக்க வேண்டும், நானும் கேட்டிருக்க வேண்டும். இப்போது என்னிடம் கேட்பவர்களுக்குப் பழைய சீட்டின் நகலைக் காட்டி, உங்கள் மருத்துவரிடமும் இதுபோல் படம் போடச் சொல்லுங்கள் என்கிறேன். எனக்கு எந்த நிலை, கோட்டுக்கு மேலே இருப்பதில் எதை எடுப்பீர்கள், கீழே எதை விட்டுவிடுவீர்கள், விட்டது பிறகு என்ன ஆகும், இந்த முறையை நீங்கள் அடிக்கடி செய்வீர்களா என்று கேட்டு, பதிலை அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்கிறேன்.

மச்சானுக்கும் ஒரு நகல் கொடுத்தேன். அவருக்கு எஞ்சியிருக்கும் தோல் மடிப்பை, அந்த இடத்தில் மட்டும் மரக்க ஊசி போட்டு எடுத்துவிடலாம் என்று புதுச்சேரி மருத்துவர் சொல்லியிருக்கிறார். அது கோட்டுக்குக் கீழே இருக்கிறதே, வலிக்குமே என்று மச்சான் இப்போது படத்தைக் காட்டி என்னிடமே வாதாடுகிறார். பொங்கல் முடியட்டும் என்று தேதியையும் தள்ளிப்போட்டிருக்கிறார்.